கடைசியாகச் சுகமாக இருந்தது எத்தனை மணிக்கு?

பாரிசவாதம் வந்த பெரியப்பாவை வைத்தியசாலைக்குக் கொண்டுபோன அன்று, அவரைக் கடைசியாகச் சுகமாகக் கண்டது எத்தனை மணிக்கு என்றுதான் வைத்தியர் முதலில் கேட்டார். வயலில் பன்றிக் காவல் இருந்துவிட்டு அவர் எப்போது வந்து படுத்தார் என்பது பெரியம்மாவுக்கே தெரியாது; விடியும்போது வலது கையும் காலும் இயங்காமல், வாய் கோணி, பேச்சின்றிக் கிடந்தார்.

மூளைக்குச் செல்லும் குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, பாரிசவாதம் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்றுவதே வழக்கம். அதற்கு முன் சி.டி. ஸ்கான் எடுத்து, குழாய் அடைபட்டதா, வெடித்ததா என்று பார்த்தாக வேண்டும்; வெடித்தவருக்கு அதே ஊசி உயிராபத்து. நித்திரையில் வந்தால், கடைசியாகச் சுகமாகக் கண்ட நேரத்திலிருந்தே கணக்குத் தொடங்கும். துணுக்காய்ப் பக்கத்து உட்கிராமத்திலிருந்து ஏ9 வீதிக்கு ஏறுவதற்கே எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது வன்னியில் இருப்பவர்களுக்குத் தெரியும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர் காவு வண்டி இலவசமாக வரும். நாங்களோ அயலில் வாகனம் தேடி அலைந்தோம். அதற்கிடையில் யாரோ தேநீர் பருக்கியும் விட்டார்கள். விழுங்கும் தசை சோர்ந்திருந்தால் அது நேரே நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. இரண்டு கிழமைக்கு முன்னர், சோறு பிசைந்துகொண்டிருந்தவரின் கை பத்து நிமிடம் மரத்துப்போய், தானாகவே சரிவந்தது. களைப்பு என்று விட்டுவிட்டோம். அப்படி வந்து மறைவது பெரிய பாரிசவாதத்துக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போயிருக்க வேண்டும். தலையிடியும் இல்லை, மயக்கமும் இல்லை என்று சொல்லி அவர் பிறசர்க் குளிசையை நிறுத்தியிருந்ததும் பின்னர்தான் தெரியவந்தது. பிறசர் எந்த நோவும் காட்டாமலே ஏறும் என்பதை அவருக்கு யாரும் விளங்கப்படுத்தவில்லை போலும்.

இப்போது பொல்லூன்றி முற்றம் வரை நடக்கிறார். சொல்வதெல்லாம் விளங்குகிறது, சொல்தான் வருவதில்லை, ஆனால் பார்க்க வருபவர்கள் அவருக்கு முன்னாலேயே, அவர் இல்லாததுபோல, "இனி எழும்புவாரோ?" என்று பெரியம்மாவிடம் விசாரிக்கிறார்கள். ஓம், இல்லை என்று தலையசைத்துப் பதில் சொல்லக்கூடியதாக அவரிடமே கேட்கலாம். தூக்கிவிடும்போது சோர்ந்த கையைப் பிடித்து இழுக்கவும் கூடாது, தோள்மூட்டு விலகிவிடும்.

ஹோர்லிக்ஸ் போத்தல்கள் அலுமாரியில் நிறைந்துவிட்டன. வருபவர்களில் யாராவது ஒருவர் மத்தியானத்தில் இரண்டு மணித்தியாலம் அவருடன் இருந்தால், பெரியம்மா கொஞ்சம் கண்ணயர்வார்.