லிம்போசைட்டில் ஹார்மோன் சோதனை: செய்முறைத் தேர்வுக்கும் வைவாவுக்கும்

"கார்டிசோல் டி செல்களின் (ஒரு வகை லிம்போசைட்) பெருக்கத்தைக் குறைக்கும்" என்பதோடு நிறுத்தினால் வைவாவில் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். கார்டிசோல் என்ற ஸ்டீராய்டு ஹார்மோன் சைட்டோபிளாசத்தில் உள்ள ஏற்பியோடு சேர்ந்து உட்கருவுக்குப் போகிறது, அங்கே மரபணுக்களை இயக்கும் புரதங்களான என்.எஃப்-கப்பா பி, ஏ.பி-1 இரண்டையும் அடக்குகிறது. டி செல்களைப் பெருகத் தூண்டும் இன்டர்லூகின்-2-இன் உற்பத்தி சரிகிறது, பெருக்கம் தளர்கிறது. வெளியிலிருந்து இன்டர்லூகின்-2 சேர்த்தால் பெருக்கம் ஓரளவு மீள்வதையும் சொல்லுங்கள்.

பலர் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஸ்டீராய்டு கொடுத்த சில மணி நேரத்தில் ரத்தத்தில் லிம்போசைட் எண்ணிக்கை குறையும். அவை பெரும்பாலும் சாகவில்லை, எலும்பு மஜ்ஜை போன்ற இடங்களுக்கு நகர்ந்திருக்கின்றன. டி செல்கள் முதிரும் உறுப்பான தைமஸில் உள்ள முதிராத செல்கள் சாவது வேறு கதை.

செய்முறையில் முதல் எதிரி, செல் வளர்க்கும் திரவமான ஊடகத்தில் சேர்க்கும் சீரம். சாதாரணக் கன்றுச் சீரத்தில் ஏற்கெனவே ஸ்டீராய்டுகள் இருக்கும்; கரியால் வடித்து ஸ்டீராய்டுகளை நீக்கிய சீரத்தையே எடுங்கள். எஸ்ட்ராடயோல் (ஒரு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்) சோதனை என்றால் ஃபீனால் ரெட் இல்லாத ஊடகம் வேண்டும், அந்தச் சாயத்தோடு வரும் மாசு லேசாக ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யும். வடித்த சீரத்தில் செல்கள் சற்று மெதுவாகத்தான் வளரும், பதற வேண்டாம்.

கார்டிசோல் 3.6 மி.கி.யை 10 மி.லி. எத்தனாலில் கரைத்தால் ஏறத்தாழ 1 மில்லிமோலார். இதில் 1 மைக்ரோலிட்டரை 1 மி.லி. ஊடகத்தில் விட்டால் 1 மைக்ரோமோலார், எத்தனால் 0.1 சதவீதம். குறைந்த செறிவுகளை ஊடகத்தில் நீர்க்காமல் எத்தனாலிலேயே நீர்த்து, ஒவ்வொரு கிணற்றிலும் (செல் வளர்க்கும் தட்டின் குழி) அதே 1 மைக்ரோலிட்டரை விடுங்கள். கண்ட்ரோல் கிணற்றுக்கும் வெறும் எத்தனால் 1 மைக்ரோலிட்டர். இதைச் செய்யாமல் போனால் ஹார்மோனின் விளைவா, எத்தனாலின் விளைவா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஃபிகால் என்ற அடர்த்தியான கரைசல் (அடர்த்தி 1.077) மூலம் ரத்தத்திலிருந்து பிரித்த செல்களை மி.லி.க்கு 10 லட்சம் வையுங்கள், செல்களைப் பெருகத் தூண்டும் பி.எச்.ஏ. மி.லி.க்கு 5 மைக்ரோகிராம், 37 டிகிரி, 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு, 72 மணி நேரம். ஹார்மோனை பி.எச்.ஏ.வுக்கு முன்போ கூடவோ விட வேண்டும். மறுநாள் விட்டால் இன்டர்லூகின்-2 ஏற்கெனவே உருவாகியிருக்கும், அடக்கம் மங்கலாகத் தெரியும்.

செல் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். பிரிவது குறைந்ததா, சாவு கூடியதா? சி.எஃப்.எஸ்.இ. என்ற சாயத்தின் ஒளிர்வு செல்லின் ஒவ்வொரு பிரிவிலும் பாதியாகும்; கூடவே 7-ஏ.ஏ.டி. போன்ற சாயத்தால் இறந்த செல்களை ஒதுக்குங்கள். விளைவு ஏற்பி வழியாகத்தான் என்று காட்ட ஒரு கிணற்றில் ஏற்பியைத் தடுக்கும் மிஃபெப்ரிஸ்டோன் சேர்ப்பது போதும், தேர்வாளர் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்.

ரத்தம் எடுத்த நேரத்தையும் எழுதி வையுங்கள். கார்டிசோல் காலையில் உச்சத்திலும் நள்ளிரவை ஒட்டித் தாழ்ந்தும் இருக்கும். காலை மாதிரியையும் மாலை மாதிரியையும் ஒரே வரைபடத்தில் கலந்தால் கிடைக்கும் வேறுபாடு உங்கள் ஹார்மோனுடையது அல்ல.