மைக்ரோவேவ் சுவிட்ச் நகர்ந்ததை உறுதி செய்தல்: இதுவரை செய்து பார்த்தவை

தருமபுரியில் என் மாடியறை மேசையில், ஒரே நானோவிஎன்ஏவை (அதிர்வெண் வாரியாகச் சிக்னல் எவ்வளவு கடக்கிறது என்று அளக்கும் சிறு கருவி) கொண்டு இரண்டு வடிகட்டிகளை மாறி மாறி அளக்க, இருபுறமும் உயர் அதிர்வெண் கேபிள் பாதையை மாற்றும் ஒவ்வொரு கோஆக்சியல் சுவிட்சை வைத்து, ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையால் இயக்கி வருகிறேன். இரண்டும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் உபரிப் பொருளாகக் கிடைத்த, 28 வோல்ட் லாட்சிங் வகையைச் சேர்ந்தவை: ஒவ்வொரு நிலைக்கும் ஒரு காயில், அதற்குக் குறுகிய மின்துடிப்பு (பல்ஸ்) கொடுத்தால் சுவிட்ச் நகர்ந்து அங்கேயே நிற்கும். ஒன்று நகர்ந்து மற்றொன்று நகராமல் நின்றுவிட்டால், திரையில் வரும் தாழ்ந்த கோடு வடிகட்டி சிக்னலைத் தடுக்கும் அதிர்வெண் பகுதியை (தடுப்புப் பட்டை) போலவே தோன்றும். ஆகவே கட்டளை போனதை மட்டும் நம்பி அளவைத் தொடங்குவதற்கில்லை.

காயில்களை யுஎல்என்2803 என்ற டிரைவர் ஐசி இயக்குகிறது. அதன் உள் டையோடுகளை நேரடியாக 28 வோல்ட்டுடன் இணைத்தால், அணைத்த பிறகும் காயிலில் மின்னோட்டம் சற்று நேரம் சுழன்றுகொண்டிருப்பதால், எதிர்ப்பக்கக் காயிலின் வேலை தாமதமாகிறது. இடையில் ஒரு 15 வோல்ட் ஜீனர் டையோடு சேர்த்ததும் மின்னோட்டம் விரைவாக வடிந்துவிடுகிறது. ஐசியின் 50 வோல்ட் வரம்பும் மீறப்படுவதில்லை.

சுவிட்ச் எந்தப் பக்கம் நிற்கிறது என்று காட்டும் இண்டிகேட்டர் முனைகளே நிரலுக்குக் கண். ஒன்று மட்டும் மூடியிருந்தால் நிலை தெளிவு. இரண்டும் திறந்திருந்தால் சுவிட்ச் நடுவழியில் இருக்கிறது. இரண்டும் மூடியிருந்தால் வயரிங்கில் கோளாறு. முனை மாறியதும் 5 மில்லிசெகண்ட் அசையாமல் நின்றால்தான் நிரல் அதை ஏற்கிறது. 50 மில்லிசெகண்டுக்குள் உறுதி கிடைக்காவிட்டால், காயிலை அணைத்துவிட்டு அளவையே மறுத்துவிடுகிறது. மின்வெட்டுக்குப் பிறகும் லாட்சிங் சுவிட்ச் பழைய நிலையிலேயே நிற்கும் என்பதால், நிரல் தொடங்கும்போது எதையும் ஊகிக்காமல் முதலில் முனைகளைப் படித்துக்கொள்கிறது. எங்கள் பக்கத்து மின்வெட்டுக்கு இது மிகவும் அவசியம்.

ஓசூரில் அளவுத்திருத்தப் பணி செய்யும் நண்பர் கொடுத்த ஆசிலோஸ்கோப்பில், காயிலுடன் தொடராக 1 ஓம் மின்தடை வைத்துப் பார்த்ததுதான் இந்த வேலையிலேயே சுவையான பகுதி. மின்னோட்டம் வளைந்து ஏறி, நடுவில் ஒரு சிறு பள்ளத்தில் இறங்கி, மீண்டும் ஏறுகிறது. உள்ளிருக்கும் இரும்புத் துண்டு நகரும்போது உண்டாகும் எதிர் மின்னழுத்தமே அந்தப் பள்ளம். அதன் அடிமுனைதான் துண்டு போய் முட்டிய நொடி. என் சுவிட்சில் அது 9 மில்லிசெகண்ட் அளவில் வந்தது; இண்டிகேட்டர் அதற்குச் சற்றுப் பின்னரே மாறியது.

வெயிலில் மொட்டைமாடி சூடேறும் நேரங்களில் பள்ளம் வலப்புறம், அதாவது பிந்திய நேரத்துக்கு, தள்ளிப்போகிறது. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடுவதால், 25 டிகிரி உயர்ந்தால் காயிலின் தடை சுமார் 10 சதவீதம் ஏறி, இழுவிசை குறைகிறது. இரு சுவிட்சுகளின் காயில்களும் ஒரே நேரத்தில் இழுத்தால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 28 வோல்ட் தரும் மலிவான பூஸ்ட் போர்டும் தொய்கிறது. அதனால் ஒன்று உறுதியான பிறகே மற்றதற்குப் பல்ஸ் போகிறது. பல்ஸின் நீளத்தையும் நிலையாக வைக்காமல், இண்டிகேட்டர் உறுதி சொல்லும் வரையும் அதற்கு மேல் சிறிது நேரமும் நீட்டிக்கிறேன்.

ஆயினும் இண்டிகேட்டர் சொல்வது இயந்திர நகர்வை மட்டுமே. உயர் அதிர்வெண் தொடுமுனை சரியாகப் பதிந்ததா என்பது அதற்குத் தெரியாது. ஜெனரேட்டரிலிருந்து குறைந்த திறனில் 1 கிகாஹெர்ட்ஸ் செலுத்தி, வெளியே சிக்னலின் அளவைக் காட்டும் டையோடு டிடெக்டர் வைத்துப் பார்த்தபோது, இண்டிகேட்டர் நிலைத்த பிறகும் சிக்னல் 1 அல்லது 2 மில்லிசெகண்ட் துள்ளியது. எனவே உறுதி கிடைத்ததும் மேலும் 10 மில்லிசெகண்ட் விட்டுத்தான் ஸ்வீப் (அதிர்வெண்களை வரிசையாக அளப்பது) தொடங்குகிறது. இந்தச் சோதனையைத் தவிர மற்ற நேரங்களில் சிக்னலை நிறுத்திய பின்னரே சுவிட்சை மாற்றுகிறேன். அதிகத் திறன் பாயும்போது மாற்றினால் தொடுமுனை தீய்ந்துபோகலாம்.

இப்போது ஒவ்வொரு நகர்வின் நேரத்தையும் நிரல் பதிந்துவைக்கிறது. இரண்டாம் சுவிட்சின் ஒரு பக்கம் மட்டும் மற்ற மூன்றைவிடத் தொடர்ந்து பிந்துகிறது. மாற்றுச் சுவிட்ச் கிடைக்கும் வரை அந்தப் பக்கத்தில் நீண்ட காலம் வைத்துப் பார்க்கும் வடிகட்டியை மட்டுமே இணைத்திருக்கிறேன்.