அப்புச்சி கேட்ட தறி

"ஏஞ்சாமி, பக்கத்துல தறிய நிறுத்தி ரெண்டு வருசமாச்சே. இப்ப எவன் ஓட்டறான்?"

அப்புச்சி கதவோரம் நின்று கேட்டார். சோமனூர் மத்தியானம், ஓட்டு வீடு, கொதிக்கிற சூடு.

ஓட்டினது நான்தான். மாடுலர் சிந்தசைசரில் (தனித்தனிப் பெட்டிகளை வயரால் இணைத்துச் சத்தம் உண்டாக்கும் மின்கருவி) வெறும் இரைச்சல், அதை விட்டுவிட்டுத் திறந்து மூட ஒரு அலை. ரெண்டு மூணு வயர், அவ்வளவுதான்.

ஒன்றைப் பிடுங்கினேன். தறி நின்று மழை பிடித்தது. வேறு துளையில் செருகி ஃபில்டர் குமிழைத் திருகினால் உருமி மாதிரி ஒரு இழுப்பு.

கீபோர்டில் 'வயலின்' என்று ஒரு பட்டன் இருக்கும். இதில் அப்படி எதுவும் கிடையாது. வயரில் 1 வோல்ட் கூட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். அதுவும் இந்த வெயிலுக்குச் சுருதி நழுவுகிறது. (எனக்கு அந்த நழுவல்தான் பிடிக்கும்.)

அப்புச்சி உட்கார்ந்துவிட்டார்.

"அந்தத் தறிச் சத்தத்த இன்னொருக்கா வையி கண்ணு."

எந்த வயர் எதில் இருந்தது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.