இரவு இரண்டரை மணிப் பதிவு

வானிலை நோக்கராகப் பணியில் சேர்ந்த புதிதில், கடலோர ஊர் ஒன்றில் இரவுப் பணியின்போது அதிகாலை 2:30 மணிப் பதிவைத் தவறவிட்டேன். மேசையில் தலை சாய்த்தவன் கண் விழித்தபோது மணி 3:20. காலையில் பொறுப்பேற்க வந்த மூத்தவர், "முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு இருக்குல்ல தம்பி, நடுவுல ஒண்ணைப் போட்டு எழுதிடுங்க" என்றார். எழுதினேன். 26.4 என்ற அந்த எண் இன்றும் நினைவிருக்கிறது. எந்த வெப்பமானியும் அன்று அதைக் காட்டியிருக்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து அமெரிக்கப் படை அதிகாரி அடால்பஸ் கிரீலி தலைமையேற்ற ஆர்க்டிக் பயணத்தைப் பற்றிப் படித்தபோது, அந்த எண்தான் முதலில் நினைவுக்கு வந்தது. துருவப் பகுதிகளில் ஒரே காலத்தில் அளவீடு எடுக்கப் பத்துக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து நடத்திய முதல் சர்வதேசத் துருவ ஆண்டுக்காக, 1881 ஆகஸ்டில் 25 பேர் கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவின் வடபகுதியில் இறங்கி, ஃபோர்ட் காங்கர் என்ற நிலையத்தை அமைத்தார்கள். அனுப்பியது அமெரிக்கத் தரைப்படையின் சமிக்ஞைப் பிரிவு. அந்நாட்டின் வானிலைத் துறையும் அன்று அதுவே. காற்றழுத்தம், வெப்பநிலை, கடல் ஓதம், காந்தப்புலம் என்று நாளொன்றுக்கு 500க்கும் மேற்பட்ட அளவீடுகளை எடுத்தார்கள். நான்கு மாதங்களுக்கு மேல் சூரியனே எழாத இடம். பாதரசம் மைனஸ் 39 டிகிரியில் உறைந்துவிடும். அங்கே குளிர் மைனஸ் 50ஐயும் தாண்டியதால் ஆல்கஹால் வெப்பமானியைத்தான் நம்ப வேண்டியிருந்தது. மூச்சுக்காற்றும் உடற்சூடும் பட்டு அளவு மாறிவிடும் என்பதால், வெப்பமானிப் பெட்டியின் கதவைத் திறந்ததும் தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்ணை முதலிலும் முழு எண்ணைப் பிறகும் படிக்கப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். அந்தக் குளிரில், இருட்டில், விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் இதே வேலையைச் செய்திருப்பார் என்பதை என்னால் உடம்பால் உணர முடிகிறது.

1882இல் வந்த நிவாரணக் கப்பலைப் பனி மறித்தது. 1883இல் வந்த புரோட்டியஸ் என்ற கப்பல் பனியில் நசுங்கி மூழ்கியது. கப்பல் வராவிட்டால் தெற்கே கிளம்பிவிட வேண்டும் என்பது முன்பே இடப்பட்டிருந்த உத்தரவு. அதன்படி, உணவு மீதமிருந்த வீட்டை விட்டு, ஆகஸ்டில் படகேறினார்கள். அவர்களைக் கொன்றதில் குளிரைவிட அந்தக் காகிதத்துக்கே பங்கு அதிகம் என்பது என் கணிப்பு.

பனிக்கட்டிகளுக்கு இடையே 51 நாள் போராடிக் கரையேறிய அந்தப் பயணத்தில், புவியீர்ப்பை அளக்கும் ஊசல் ஒன்றும் கூடவே போனது. எடை ஏறத்தாழ 45 கிலோ. அதை விட்டுவிடலாம் என்று கிரீலியே சொல்லியும் ஆட்கள் இசையவில்லை. உயிர் பிழைக்கவே வழி தெரியாதவர்கள், உண்ணவோ எரிக்கவோ உதவாத ஓர் உலோகப் பொருளை இழுத்துச் சென்றார்கள் என்பதைப் பலமுறை படித்தும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

சேபைன் முனைக்கு அருகே கல்லடுக்கிச் சுவர் எழுப்பி, படகைக் கவிழ்த்துக் கூரையாக்கி, நிமிர்ந்து உட்காரவும் இடமில்லாத அந்தக் குடிலில் குளிர்காலத்தைக் கழித்தார்கள். உணவு தீர்ந்தபின் பாறைப்பாசியும், ஓடே பெரும்பகுதியான பொடி இறால்களும், அவித்த தோலுமே மிஞ்சின. 1882இல் வடக்கே 83 டிகிரி 24 நிமிடம் வரை சென்று உலக சாதனை படைத்த, குழுவின் அதிகாரிகளில் ஒருவரான லாக்வுட் 1884 ஏப்ரலில் இறந்தார். உணவைத் திரும்பத் திரும்பத் திருடிய ஒருவரைச் சுட்டுக்கொல்ல ஜூனில் கிரீலி எழுத்து மூலம் ஆணையிட்டார். அந்த மாதம் 22ஆம் தேதி மீட்புக் கப்பல்கள் வந்தபோது ஏழு பேருக்கே உயிர் இருந்தது. அவர்களில் ஒருவர் வழியில் இறந்தார். இறந்தவர்களின் உடலில் சதை வெட்டப்பட்டிருந்ததைப் பிடித்துக்கொண்ட அன்றைய பத்திரிகைகளுக்கு அளவீடுகளைப் பற்றி எழுத இடமில்லாமல் போனது.

பதிவேடுகளோ பத்திரமாக இருந்தன. அருகிலிருந்த சிறு தீவின் உச்சியில் அவற்றை வைத்து, தொலைவிலிருந்தே கண்ணில் படும்படி அந்த ஊசலை அடையாளமாக நிமிர்த்தி வைத்திருந்தார்கள். மீட்க வந்தவர்கள் அங்கேதான் அவற்றைக் கண்டெடுத்தார்கள். 1888இல் அவை இரண்டு தொகுதிகளாக அச்சேறின.

இதைப் படித்த ஆண்டிலேயே, காய்ச்சலில் படுத்து ஒரு பதிவை மீண்டும் தவறவிட்டேன். இம்முறை கட்டத்தை வெறுமையாக விட்டு, ஓரத்தில் "எடுக்கப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மறுவாரம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது.