கிளி வருவதற்கு முன்

ஜனவரி 4

கண்டியில் இருக்கும் சித்தப்பா வெளிநாடு போகிறார். அவர் வளர்க்கும் கொக்கட்டீல் இனி எங்களுக்கு. சாம்பல் உடம்பு, மஞ்சள் கொண்டை, கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு. ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்ட கிளி இனம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருடம் இருக்கும்.

பக்கத்து வீட்டு மாமா, "கண்டிக்கு ஏன்டா போற? அந்த மரப் பொந்துல குஞ்சு கத்துது, புடிச்சுத் தாறேன்" என்றார். அது லேயார்ட் கிளி. இலங்கையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை, பிடிப்பது குற்றமும்கூட. வேண்டாம் மாமா, பொந்திலேயே இருக்கட்டும் என்றேன். கூண்டிலேயே பொரித்து வளர்ந்த பறவையின் கதை வேறு.

ஜனவரி 7

எல்லோரும் கூண்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்குக் குசினியைப் பற்றித்தான் கவலை.

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் குசினிக்கும் காம்பரா என்கிற அறைக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு, அதுவும் இறுக மூடாது. விறகு அடுப்புப் புகை கூரைத் தகரத்தைத் தொட்டுவிட்டு இந்தப் பக்கம்தான் இறங்கும். நாம் இருமிவிட்டுப் போய்விடுவோம். பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடும், காற்றுப் பைகள் வேறு உண்டு. பறப்பதற்காக ஒட்சிசனை அள்ளி எடுக்கிற அந்த அமைப்பு நஞ்சையும் அப்படியே அள்ளிக்கொள்ளும்.

புகையைவிட மோசமானது நொன்ஸ்டிக் சட்டி. அடுப்பில் வெறும் சட்டியாகக் காய்ந்து 280 பாகை செல்சியஸ் அளவுக்குப் போனால் அந்தப் பூச்சிலிருந்து வாயு கிளம்பும். நமக்கு ஒன்றும் தெரியாது, அடுத்த அறையில் இருக்கும் கிளி செத்துக் கிடக்கும். விறகு அடுப்பில் சூட்டை யார் அளப்பது?

"ஒரு குருவிக்காக என் சட்டியத் தூக்கிப் போடணுமா?" என்று அம்மா கத்தினார். கடைசியில் சட்டி அத்தை வீட்டுக்குப் போனது, பழைய இரும்புத் தோசைக்கல் திரும்பி வந்தது. தோசை இதில்தான் ருசி என்பது என் கட்சி. குசினிப் பக்கச் சுவரின் மேல் இடைவெளியைப் பலகை அடித்து மூடி, புகை வெளியேற ஒரு தகரத்தையும் தூக்கிவிட்டேன். நுளம்புச்சுருளும் இனி கிடையாது, வலை கட்டியாயிற்று.

ஜனவரி 10

ஹட்டன் டவுனில் கூண்டு பார்த்தேன். மலிவானதெல்லாம் நாகம், அதாவது துத்தநாகம், பூசிய கம்பி. கிளி அலகால் கம்பியைப் பிடித்துத்தான் ஏறும், கடித்துக்கொண்டே இருக்கும். அந்த நாகம் வயிற்றில் சேர்ந்தால் நஞ்சு. காசு கூடப் போனாலும் பவுடர் கோட்டிங் அடித்த கூண்டையே எடுத்தேன். இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம், கம்பி இடைவெளி அரை அங்குலம். கூடவே வந்த வழுவழுப்பான பிளாஸ்டிக் குச்சிகளைக் கழற்றி எறிந்தேன். எல்லாம் ஒரே தடிப்பில் இருந்தால் காலில் புண் வரும். மருந்து அடிக்கும் தேயிலை மலைக்குத் தள்ளி ஒரு கொய்யா நிற்கிறது. அதில் மெல்லியதும் தடித்ததுமாகக் கிளைகள் வெட்டிக் கழுவிக் காயவைத்திருக்கிறேன்.

ஜனவரி 12

கூண்டை இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், தொங்கவிடச் சொல்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் இந்த மாதம் விடியற்காலைப் பனிமூட்டம் முகத்தில் அடிக்கிறது, இரவில் பூனையும் மரநாயும் சுற்றுகின்றன. உள்ளே, காற்று நேராக அடிக்காத சுவரோரம், கண் மட்டத்துக்கு மேசை போட்டேன். அந்தச் சுவரின் மூலையில் ஈரம் ஊறிக் கறுத்திருந்தது. பூஞ்சணம் பறவையின் மூச்சுக்குழாயில் நோயாகவே வளரும். சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தாயிற்று.

ஜனவரி 15

பொங்கல். வெடி, சாம்பிராணி, பொங்கல் அடுப்பு. இதெல்லாம் முடிந்த பிறகே கிளியை அனுப்பும்படி சித்தப்பாவிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

ஜனவரி 19

வந்துவிட்டது. முதல் இரவே இருட்டில் மிரண்டு கூண்டுக்குள் படபடவென்று அடித்துக்கொண்டது. கொக்கட்டீலுக்கு இந்த இராப்பயம் அடிக்கடி வருமாம்; சின்ன பல்ப் ஒன்று போட்டதும் அடங்கியது. துணியால் மூன்று பக்கம் மட்டும் மூடுகிறேன்.

ஜனவரி 23

அம்மா கட்சி மாறிவிட்டார். இப்போது பிரச்சினையே அவர் ஊட்டுவதுதான். பிளேன்டீயில் தோய்த்த ரொட்டியோடு போனார், தடுத்தேன். தேயிலையில் இருக்கும் கஃபீன் கிளிக்கு ஆகாது. கொல்லையில் காய்த்துக் கொட்டும் பட்டர்புரூட் அதைவிட ஆபத்து. பழம், இலை, கொட்டை எதையும் காட்டக்கூடாது. உப்பில்லாத சோறு, கரட், கீரை என்றால் தாராளமாகக் கொடுக்கலாம் என்றதும், "இத முதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்று முறைத்துவிட்டுக் கீரை ஆயப் போனார்.

கொய்யாக் கிளையின் பட்டையை அதற்குள் பாதி உரித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இன்னும் இரண்டு வெட்டவேண்டும்.