முதல் பிழையை மட்டும் படி

“மிஸ், எர்ரர் அடிக்குது.”

தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு தெருவில், மாடியில் இருக்கும் சின்ன கம்ப்யூட்டர் சென்டரில் 11 வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். மாலை ஐந்தரைக்கு வகுப்பு. இந்த வாக்கியத்தைக் கேட்காத நாள் கிடையாது. சிலர் எரிச்சலோடு சொல்வார்கள். பெரும்பாலானவர்கள் ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர்கள் போல, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காமல் மெதுவாகச் சொல்வார்கள். அந்த மெதுவான குரல்தான் எனக்கு எப்போதும் கவலை தரும்.

சி++ என்ற புரோகிராமிங் மொழியை முடிக்கும் நேரத்தில் எல்லாரையும் ஒரு விளையாட்டு எழுதச் சொல்வேன். படம் கிடையாது, சத்தம் கிடையாது, வெறும் எழுத்து. திரையில் “நீ ஒரு பாலத்தின் மேல் நிற்கிறாய். வடக்கே போகிறாயா, தெற்கே போகிறாயா?” என்று வரும். தட்டச்சு செய்தால் கதை நகரும். வீரனுக்கு உயிர் இவ்வளவு, பலம் இவ்வளவு, பையில் என்னென்ன என்று கணக்கு ஓடும். இந்த வகை விளையாட்டு கம்ப்யூட்டர் உலகில் பழைய சங்கதி. 1976-ல் வில் கிரவுதர் என்ற புரோகிராமர், தான் இறங்கிப் பார்த்த குகைகளை வைத்து ஃபோர்ட்ரான் என்ற பழைய புரோகிராமிங் மொழியில் ஒன்று எழுதினார். 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள், பல பேர் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடக்கூடிய ஒன்றைத் தொடங்கினார்கள். எங்கள் சென்டரில் இருக்கிற பழைய மெஷின்களுக்கு இதுதான் தோது. அதைவிட முக்கியமான காரணம், மாறி (மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர்), இஃப், லூப், ஃபங்ஷன் (ஒரு வேலைக்கென்று தனியாக எழுதும் பகுதி), கிளாஸ் என்று படித்த அத்தனையும் இதில் தானாகவே வந்து சேரும். அத்தனை பிழைகளும்கூட வந்து சேரும்.

என் ஆரம்ப வருடங்களில் நான் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பிழை என்று கூப்பிட்டால் போவேன், மௌஸை வாங்குவேன், இரண்டு நொடியில் விட்டுப்போன செமிகோலனை (;) போட்டுவிட்டு அடுத்த மேசைக்கு நகர்வேன். பிள்ளைகளுக்கு என்மேல் பெரிய மரியாதை. “மிஸ் கை வைச்சாலே ரன் ஆயிடும்” என்பார்கள். எனக்கும் அதில் பெருமைதான். பிறகு ஒருநாள், நன்றாகப் படித்த ஒரு பையன் வேலைக்கான நேர்முகத் தேர்வு முடிந்து நேராக சென்டருக்கு வந்தான். இருபது வரி புரோகிராம் ஒன்றைத் தந்து, இது ஏன் கம்பைல் ஆகவில்லை, அதாவது மெஷினுக்குப் புரியும் மொழிக்கு ஏன் மாறவில்லை என்று கேட்டார்களாம். “தப்பு எங்க இருக்குன்னு எழுதியே இருந்துச்சு மிஸ். ஆனா நான் அதைப் படிச்சதே இல்லையே. எப்பவும் நீங்கதானே படிப்பீங்க” என்றான். என்மேல் குறை சொல்ல அவன் வரவில்லை. நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாளிலிருந்து மாணவர் மெஷினில் கை வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். இன்றுவரை அது என் பழக்கம். “வாய்விட்டுப் படி” என்பேன். சிவப்பு எழுத்தில் வருவது திட்டு இல்லை என்று அவர்களுக்குப் புரியவைப்பதுதான் பாதி வேலை. எங்கள் பிள்ளைகளில் நிறைய பேர் தமிழ் வழியில் படித்தவர்கள். திரை முழுக்க ஆங்கிலம் வந்து நின்றால், படிப்பதற்கு முன்பே மனசு மூடிக்கொள்ளும். உண்மையில், அப்படி மாற்றித் தருகிற கம்பைலரின் ஆங்கிலம் ரொம்பச் சின்னது. அடிக்கடி வருகிற வார்த்தைகள் கொஞ்சம்தான். கோப்பின் பெயர், வரி எண், எத்தனையாவது எழுத்து, பிறகு விஷயம். அதைத் தமிழில் சொல்லிப் பழகவைத்தேன். “எதிர்பார்த்தேன்” என்று ஒரு வகை: “அடைப்புக்குறி வருவதற்கு முன்னால் ஒரு செமிகோலனை எதிர்பார்த்தேன்.” “அறிவிக்கப்படவில்லை” என்று இன்னொரு வகை: “இந்தப் பெயரை இதற்கு முன் யாரும் எனக்குச் சொல்லவில்லை.” இந்த இரண்டும் புரிந்தால் முதல் மாதத்துப் பிழைகளில் பெரும்பங்கு கைக்குள் வந்துவிடும்.

இரண்டாவது வகைக்கு ஒரு மருந்தும் கண்டுபிடித்தேன். வீரனின் பலத்துக்கு ஆங்கிலச் சொல்லை ஒரு இடத்தில் சரியாக எழுதுவார்கள், இன்னொரு இடத்தில் நடுவே ஒரு எழுத்து விட்டுப்போகும். கம்பைலருக்கு இரண்டும் வேறு வேறு ஆள். ஸ்பெல்லிங் தெரியாததால் வருகிற பிழையை புரோகிராமிங் தெரியாததாக அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்ளும். அதனால் உயிர், பலம், காசு, பை என்று நம் சொற்களையே ஆங்கில எழுத்தில் மாறிகளுக்குப் பெயராக வைக்கச் சொன்னேன். கல்லூரியில் இதற்கு மதிப்பெண் குறைப்பார்கள் என்று சிலர் சொன்னார்கள். குறைக்கட்டும். ஆரம்பத்தில் இருப்பவருக்குத் தான் எழுதுவது என்ன என்று தெரிய வேண்டும், அதுதான் முக்கியம்.

கல்லூரி என்றதும் இன்னொன்று. இன்னமும் சில இடங்களில் 1990-களின் தொடக்கத்தில் வந்த டர்போ சி++-ல்தான் லேப் நடக்கிறது. சி++-க்கு முறையான தரம் வந்தது 1998-ல். அதற்கு முந்தைய வழக்கத்தில், புரோகிராமின் தொடக்கத்தில் சேர்க்கிற ஐஓஸ்ட்ரீம் என்ற கோப்பின் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து ஹெச் போடுவார்கள். அதையே இங்கே வந்து எழுதினால், நாங்கள் பயன்படுத்தும் ஜிசிசி என்ற கம்பைலர் முதல் வரியிலேயே “அப்படி ஒரு கோப்பு இல்லை” என்று நின்றுவிடும். மாணவர் மேல் தப்பே இல்லை. அவருக்குக் கற்றுக்கொடுத்ததற்கு வயதாகிவிட்டது.

வரி எண்ணை நம்புவது பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் தடுமாறுவது அங்கேதான். ஒரு பையன் 212 வரி எழுதியிருந்தான். ஏழு பிழைகள். கடைசிப் பிழை, 212-ஆவது வரியில் ஒரு மூடும் அடைப்புக்குறியை எதிர்பார்த்ததாகச் சொன்னது. அவன் கோப்பின் கடைசிக்குப் போய் ஒரு } போட்டான். அந்தப் பிழை மறைந்தது. மீதி ஆறும் அப்படியே நின்றன. “ஃபங்ஷனை இங்கே எழுத அனுமதி இல்லை” என்று ஆறு இடங்களில். எல்லாமே சரியாக எழுதப்பட்ட ஃபங்ஷன்கள். அவன் ஒவ்வொன்றாக அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தான், பார்க்கவே பாவமாக இருந்தது.

“பஸ்ல தூங்கிட்டு, தண்டையார்பேட்டையில இறங்க வேண்டியவர் திருவொற்றியூர்ல முழிச்சுக்கிட்டார்னு வைச்சுக்க” என்றேன். “எங்க இருக்கீங்கன்னு கேட்டா என்ன சொல்வார்?”

“திருவொற்றியூர்னு.”

“தப்பு நடந்தது எங்க?”

கொஞ்சம் யோசித்தான். அப்புறம் ஆறில் முதல் பிழை எங்கே என்று பார்த்து, அதற்கு மேலே போனான். 58-ஆவது வரியில், தாக்குதலுக்கான ஃபங்ஷனை மூடவே இல்லை. அதனால் அதற்குப் பின் வந்த ஆறு ஃபங்ஷன்களும் அதற்குள்ளேயே எழுதியதாக கம்பைலர் எடுத்துக்கொண்டது. ஒரு } அங்கே போட்டான், கடைசியில் போட்டதை எடுத்தான். ஆறும் ஒரே நேரத்தில் மறைந்தன. கம்பைலர் மேலிருந்து கீழே, இடமிருந்து வலம் ஒரே சீராகப் படித்துக்கொண்டு போகும். படித்தது பொருந்தாமல் போகிற இடத்தில்தான் அதற்கு உறைக்கும். ஆகவே அது சொல்கிற வரி, அது விழித்துக்கொண்ட இடம். முதல் பிழையை மட்டும் படி, அந்த வரியிலிருந்து மேலே பார், சரிசெய், மறுபடி கம்பைல் செய். மீதிப் பிழைகளை அதுவரை கண்ணாலும் பார்க்காதே. இதை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேனோ தெரியாது.

ஒரு பிழை மட்டும் எங்களை முழுதாக ஒரு மாலை அலைக்கழித்தது. நண்பன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வரிகளை ஒருத்தர் அப்படியே ஒட்டியிருந்தார். நாங்கள் புரோகிராம் எழுதும் கோட் பிளாக்ஸ் என்ற மென்பொருளோடு வந்த பழைய ஜிசிசி, புரோகிராமில் அநாதையாக \342, \200, \234 இருப்பதாகச் சொன்னது. வரியைப் பார்த்தால் அப்படி எந்த எண்ணும் இல்லை. கடைசியில் மேற்கோள் குறிதான் காரணம். சாதாரண நேர் குறிக்குப் பதில், அச்சுப் புத்தகத்தில் வருகிற வளைந்த குறி வந்து உட்கார்ந்திருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. வளைந்த குறி, எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 என்ற முறையில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது, அந்த மூன்றையும் எட்டை அடிமானமாகக் கொண்ட எண்ணில் எழுதினால் 342, 200, 234. அதற்குப் பிறகு புரோகிராம் வரிகளை ஒட்டாதே, கையால் அடி என்பதும் எங்கள் வகுப்பின் வழக்கமானது.

போன வருடம் வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். காசிமேட்டுப் பிள்ளை. அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். முதலில் அவளும் எல்லாரையும் போலக் காடு, கோட்டை, டிராகன் என்று எழுதிக்கொண்டு வந்தாள். மூன்று நாளாக ஒரு அடியும் நகரவில்லை. “நீ நேர்ல பார்த்த இடம் ஒண்ணுல கதையை வை” என்றேன். மறுநாள் வேறு விளையாட்டோடு வந்தாள். படகில் டீசல் இவ்வளவு, ஐஸ் இவ்வளவு, வலை எத்தனை. ஆழத்தைப் பாகத்தில், அதாவது இரண்டு கையையும் விரித்த நீளத்தில், கணக்கிட்டிருந்தாள். அடித்துச் சண்டை போட அரக்கன் இல்லை, எதிரி வாடைக்காற்று. வஞ்சிரம் கிடைத்தால் ஒரு விலை, சங்கரா என்றால் வேறு விலை, விடியற்காலை ஏலத்துக்குள் கரை சேராவிட்டால் பாதி விலை. தமிழ் எழுத்திலேயே வர வேண்டும் என்று ஆசைப்பட்டாள். கருப்புத் திரையில் முதலில் வெறும் குப்பை எழுத்துகள் வந்தன. திரையின் எழுத்து முறையை (கோட் பேஜ்) யுடிஎஃப்-8-க்கான 65001-க்கு மாற்றியும் கொம்பும் காலும் சேராமல் தனித்தனியாக நின்றன. வருத்தத்தோடு ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதினாள்.

அதில் தடைக்காலமும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக்கூடாது, மீன்கள் முட்டையிட்டுப் பெருகுகிற காலம். ஆட்டக்காரர் மாதத்தைத் தந்தால், தடை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு படகு கிளம்ப வேண்டும். கம்பைல் செய்தாள். ஒரு பிழைகூட இல்லை. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஆகஸ்ட் என்று 8 கொடுத்தாள். “தடைக்காலம். கரையில் இரு” என்று வந்தது. டிசம்பர் கொடுத்தாள். கரையில் இரு. எந்த மாதம் தந்தாலும் படகு கிளம்பவே இல்லை.

“கம்பைலர் ஒண்ணும் சொல்லலயே மிஸ். அப்ப நான் எழுதினது சரிதானே?” என்று கேட்டாள்.

எனக்கு அது பெரிய பாடம். சிவப்பு எழுத்தைக் கண்டு பயப்படாதே என்று இத்தனை வருடம் சொன்ன நான், அது பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று ஒருநாளும் சொல்லவில்லை. அவள் இஃப் வரியில் தடை == 1 என்பதற்குப் பதில் தடை = 1 என்று எழுதியிருந்தாள். ஒரு சமக்குறி போட்டால் ஒப்பிடுவது இல்லை, தடையில் 1-ஐப் போடுவது. போட்ட மதிப்பு 1, அது எப்போதும் உண்மை. ஆகவே வருடம் முழுக்கத் தடைக்காலம். சி++ இலக்கணப்படி அந்த வரியில் குற்றமே இல்லை, அதனால் கம்பைலர் வாய் திறக்கவில்லை.

வரியை நான் காட்டவில்லை. கோட் பிளாக்ஸின் கம்பைலர் அமைப்புகளில் எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் காட்டச் சொல்லும் பெட்டியை மட்டும் டிக் செய்யச் சொன்னேன். மறுபடி கம்பைல் செய்தாள். 14 எச்சரிக்கைகள் வந்தன. பெரும்பாலும் பயன்படுத்தாத மாறிகள். நடுவில் ஒன்று, உண்மையா பொய்யா என்று பார்க்கும் இடத்தில் மதிப்பைப் போட்டிருக்கிறாய், அதுதான் உன் எண்ணம் என்றால் இன்னொரு அடைப்புக்குறி போடு என்றது. விரலை வரிமேல் வைத்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய, ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தாள். அந்த இடம் வந்ததும் நின்றாள். “அய்யோ, ஒண்ணுதான் போட்டிருக்கேன்” என்றாள். நான் பக்கத்து மேசைக்குப் போய்விட்டேன்.

அன்றைக்கே படகு கிளம்பியது. வீட்டில் அப்பாவுக்குக் காட்ட, போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் வரும்போதே நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு வந்தாள். அப்பா முழுதும் பார்த்தாராம். விலையெல்லாம் சரியாத்தான் இருக்கு என்றாராம். பிறகு ஒரு கேள்வி கேட்டாராம்: “ஏப்ரல் பத்தாம் தேதி ஏன் போவ விடமாட்டுது? பதினஞ்சுலதானே தடை?”

மாதத்தை மட்டும் கேட்டால் போதாது, தேதியும் வேண்டும். உட்கார்ந்து அந்த ஃபங்ஷனில் தேதிக்கு ஒரு மாறி சேர்த்தாள். கூப்பிடும் இடத்தில் சேர்க்க மறந்ததால் சிவப்பு வந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்தாள்.

“வேணாம் மிஸ், இருங்க. படிச்சுக்கறேன்.”