நாணும் மோதிர விரலும்

நவம்பர் 4

மோதிர விரல் இன்றைக்கும் மரத்தே கிடக்கிறது. சுண்டுவிரல் பரவாயில்லை.

நவம்பர் 5

விரல்களைக் காக்கும் தோல் டேபை மாட்டிக்கொண்டு வில்லைப் பாதிவரை இழுத்து, மெதுவாகத் திரும்ப விட்டேன். நாண் மோதிர விரலில் இருக்கிறதா நழுவிவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இதுதான் எனக்குப் பயம். ஆட்காட்டி விரல் அம்புக்கு மேலே, நடுவிரலும் மோதிர விரலும் கீழே. இத்தனை வருடமாக என் கைக்குத் தெரிந்தது இந்த ஒரு பிடிதான். விரல்கள் இழுக்கக் கூடாது, கிணற்று வாளியைத் தூக்கும்போது வளைந்து கிடக்கிற மாதிரி சும்மா மாட்டிக் கிடக்க வேண்டும், இழுப்பது முதுகு. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் இதைத்தான் சொல்வேன். மூன்றில் ஒன்று தூங்கிவிட்டால் பாரம் முழுக்க நடுவிரலில் விழும், நாண் திருகும், அம்பு பக்கவாட்டில் ஓடும். என் வில்லை முழுக்க இழுக்க 35 பவுண்டு பாரம்தான். ஆனாலும்.

நவம்பர் 7

மழை. கெடிலத்தில் தண்ணீர் ஏறுகிறதாம். வில்லைப் பரணில் ஏற்றியாயிற்று.

நவம்பர் 8

டாக்டர் முழங்கையின் உட்பக்கத்தை லேசாகத் தட்டினார். சுண்டுவிரல் நுனிவரை சுரீரென்று ஓடியது. "அல்நார் நரம்பு" என்றார். கை நரம்பு டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார், பாண்டியில் 21ஆம் தேதிதான் இடம் கிடைத்தது. "என்ன வேலைம்மா?" என்று கேட்டார். கணக்கு வேலை, கம்ப்யூட்டர் என்றேன். அப்புறம் வில் பிடிப்பேன் என்றும் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் கையை மறுபடியும் பார்த்தார். அதிலிருந்து எனக்கு நிம்மதியில்லை.

நவம்பர் 10

மோதிர விரலே வேண்டாத பிடி ஒன்று இருக்கிறதே! மங்கோலியர், துருக்கியர், மஞ்சுக்கள், ஜப்பானியர் எல்லோரும் கட்டைவிரலால்தான் இழுத்தார்கள். கட்டைவிரலை நாணில் கொக்கியாக மாட்டி, ஆட்காட்டி விரலை அதன்மேல் மடக்கிப் பூட்ட வேண்டும். கொம்பு, எலும்பு, பச்சைக்கல் இதிலெல்லாம் கட்டைவிரலுக்கு வளையம் செய்து போட்டிருக்கிறார்கள். ஜப்பானில் வளையத்துக்குப் பதில் தோலுறை. வலக்கைக்காரர்கள் அம்பை வில்லின் வலப்பக்கம் வைப்பார்கள், நம் பழக்கத்துக்கு நேர் எதிர். ஆட்காட்டி விரலின் பக்கம் அம்பை மெல்ல வில்லோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், அதனால் குதிரை மேல் குலுங்கினாலும் அம்பு விழாது. குட்டை வில்லை முழுக்க இழுத்தால் நாண் கூர்மையாக மடங்கி மூன்று விரல்களையும் நெரிக்கும். கட்டைவிரல் நாணில் ஒரே ஒரு இடத்தைத்தான் பிடிப்பதால் அந்த நெரிசல் கிடையாது. எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள்!

செருப்புத் தைப்பவரிடம் ஒரு துண்டுத் தோல் வாங்கி வந்திருக்கிறேன். வில்லைத் தொடவில்லை. ரப்பர் பட்டையைக் கதவில் கட்டி, கட்டைவிரலை மாட்டிப் பார்த்தேன். கட்டைவிரல் நன்றாகவே உணர்கிறது. ராத்திரி முழுக்கச் சந்தோஷம்.

நவம்பர் 12

ஏகலைவன் கதையை எல்லோரும் கட்டைவிரல் விழுந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மகாபாரதத்தில் அதற்கப்புறமும் ஒரு வரி உண்டு. மிச்ச விரல்களால் அவன் எய்து பார்க்கிறான், முன்பிருந்த வேகம் இல்லை. அந்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. விரலை வெட்டிக் கொடுத்த கையோடு, காயம்கூட ஆறாமல், அவன் மறுபடி நாணைத் தொட்டிருக்கிறான். வேறு பிடியைத் தேடியிருக்கிறான். குருவைப் பற்றியும் தர்மத்தைப் பற்றியும் எத்தனையோ பேர் பேசியாயிற்று. அந்த முதல் அம்பை அவன் எப்படிப் பிடித்தான் என்று ஒருவராவது கேட்டார்களா?

நவம்பர் 13

தூங்கும்போது முழங்கை மடங்காமல் இருக்கத் துண்டு சுற்றிக்கொள்கிறேன். காலையில் துண்டு கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது.

நவம்பர் 15

அம்மா திருவதிகைக்குக் கூட்டிப் போனாள். "அப்பருக்கே சூலை தீர்ந்த இடம்டி, உன் விரல் தீராதா?" பண்ருட்டி பஸ்ஸில் நல்ல கூட்டம். கம்பியை இடக்கையாலேயே பிடித்து வந்தேன்.

வீரட்டானேஸ்வரர் முன்னால் நின்றபோது எனக்கு அப்பரைவிட மேருவைத்தான் நினைக்கத் தோன்றியது. மேருவை வில்லாக வளைத்து, வாசுகியை நாணாகப் பூட்டி, திருமாலை அம்பாக வைத்து, கடைசியில் அம்பை விடாமலேயே சிரித்து முப்புரத்தை எரித்த கதை நடந்தது இங்கேதான் என்பார்கள். முழுக்க இழுத்துவிட்டு, விடாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது வில் பிடித்தவர்களுக்குத் தெரியும். தோள் நடுங்கும், கை கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நழுவும். அம்மா திருநீற்றை என் மோதிர விரலில் பூசினாள். அழுகை வந்துவிட்டது.

நவம்பர் 17

இஷியைப் பற்றி மறுபடி படித்தேன். யாஹி இனத்தில் கடைசியாக மிஞ்சியவர், 1911ல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊருக்குப் பக்கத்தில் வெளியே வந்தவர். அவருக்கு வைத்தியம் பார்த்த சாக்ஸ்டன் போப் என்ற அறுவை மருத்துவர் அவரிடமே வில் கற்றுக்கொண்டார். இஷி வளைத்த கட்டைவிரலால் நாணைப் பிடித்து, நடுவிரல் நுனியை அதன் நகத்தின் மேல் வைத்து அழுத்திக்கொள்வாராம். இதிலும் மோதிர விரலுக்கு வேலையே இல்லை! 1916ல் காசநோயில் இஷி இறந்துபோனார்.

வைத்தியமும் வில்லும் ஒரே அறைக்குள் இருந்திருக்கின்றன. என் டாக்டரிடம் வில்லைக் கொண்டுபோய்க் காட்டலாமா என்று யோசிக்கிறேன்.

நவம்பர் 18

விரல் இல்லை. முழங்கை!

கண்ணாடி முன்னால் ரப்பர் பட்டையோடு நின்றபோதுதான் புரிந்தது. நரம்பு நசுங்குவது முழங்கையில். வாய் ஓரம்வரை இழுத்தாலும் காதுவரை இழுத்தாலும் முழங்கை முழுசாக மடங்குகிறது. எந்த விரலால் பிடித்தால் என்ன, மடக்கு ஒன்றுதானே. கட்டைவிரலும் வளையமும் இதற்கு ஒன்றும் செய்யாது. தோல் துண்டைத் தூக்கிப் பெட்டியில் போட்டேன்.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். பதில் சொல்லவில்லை.

நவம்பர் 19

சரி, அப்படியென்றால் குறைவாக இழுத்தால்? கை முகத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டால் முழங்கை அவ்வளவு மடங்காது. வில்லின் பாரத்தை 28 அங்குல இழுப்புக்குக் கணக்கிடுகிறார்கள், அதற்குக் கீழே ஒவ்வொரு அங்குலத்துக்கும் என் வில்லில் ஏறக்குறைய 2 பவுண்டு குறையும். ஐம்பது மீட்டருக்கு ஆகாது, பக்கத்துக் குறிக்கு ஆகும். இஷியும் மிருகத்துக்கு மிக அருகில் போய்த்தான் எய்வார். நம் நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டத்தாலும் அதன் 1991 திருத்தத்தாலும் வேட்டை முடிந்தது, முடிந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அமெரிக்காவில் வில்வேட்டைக்காரர்கள் எழுதுவதைப் படிக்கிறேன். மானின் தலை மரத்துக்குப் பின்னால் மறையும்வரை காத்திருந்து இழுப்பார்கள், ஏனென்றால் காட்டிக்கொடுப்பது கையின் அசைவு. சிலர் மூன்று விரலையும் அம்புக்குக் கீழே வைப்பார்கள். அம்பு கண்ணுக்குப் பக்கத்தில் வரும், கிட்டக் குறிக்குத் தோதானது. அவர்களுக்குத் தூரம் பெரிதில்லை. எனக்கும் இனிமேல் பெரிதில்லாமல் போகலாம்.

ஆனால் ஆங்கர், இழுத்த கை முகத்தில் வந்து நிலைக்கிற இடம்? கை முகத்தைத் தொடாமல் அந்தரத்தில் நின்றால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்கும் என்று எதை நம்புவது? தொடுகிற இடம் இல்லாமல் குறியே இல்லை. இதை யாரிடம் கேட்பது?

நவம்பர் 21

டெஸ்ட் முடிந்தது. ஷாக் வைத்தபோது மோதிர விரல் தானாகத் துள்ளியது. துள்ளுகிறதே என்று டெக்னீஷியனிடம் கேட்டேன். "டாக்டர் சொல்வார்மா." வரும் வழியில் அம்மா பேசவே இல்லை.

நவம்பர் 22

ரிப்போர்ட் வரவில்லை.

நவம்பர் 23

குறைவாக இழுத்தால் இப்போதிருக்கிற அம்புகள் அந்த விசைக்கு வளையாமல் விறைப்பாக நிற்கும், இடப்பக்கம் ஓடும். கட்டைவிரல் பிடி என்றால் அதே அம்பு வலப்பக்கம் ஓடும். இரண்டுக்கும் எளிதில் வளைந்துகொடுக்கிற அம்பு வேண்டும். தோல் துண்டைப் பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி மேஜையில் வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: முழங்கையை எத்தனை டிகிரிவரை மடக்கலாம்? எண்ணாகச் சொல்லச் சொல்ல வேண்டும். அந்த எண் தெரிந்தால்தான் அம்புக்கு ஆர்டர் கொடுக்க முடியும்.